கொக்கு அழவில்லை

திலகவதிக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்பதற்குச் சுரங்க நகரியத்தின் பதினாறாம் பிளாக்கில் ஆளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். காலேஜில் யாரோ ஏமாற்றிவிட்டான் என்று எதிர்க் குவார்ட்டர்ஸ் ஜெயப்பிரகாஷின் மனைவி நம்பினாள். செவ்வாய் தோஷம் என்றார்கள் சிலர். அப்பா செத்ததற்குக் கிடைத்த வேலை, தம்பியைப் படிக்கவைக்கும் பொறுப்பு, அதிலேயே வயசு போய்விட்டது, பாவம் என்பதுதான் எல்லோரும் பொதுவாக ஒத்துக்கொண்ட காரணம். அதில் ஒரு தியாகம் இருந்ததால் சொல்பவர்களுக்கும் கேட்பவர்களுக்கும் திருப்தியாக இருந்தது.

திலகவதியிடமே யாராவது கேட்டுவிட்டால், "பிடிக்கலைங்க, பண்ணிக்கலை" என்பாள். அதை மட்டும் யாரும் நம்பவில்லை.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. அனல்மின் நிலையத்தின் ஆய்வகத்தில் வேலை. சுரங்கத்திலிருந்து வரும் பழுப்பு நிலக்கரியைப் பொடித்து, சலித்து, காயவைத்து, அதில் எவ்வளவு ஈரம், எவ்வளவு சாம்பல் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அப்பா சடையப்பன் முதலாம் சுரங்கத்தில் பெர்மனென்ட் தொழிலாளியாக இருந்தவர். குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக்காரர். அவர் நெஞ்சு வலியில் போனபோது அவள் வேதியியல் பட்டம் முடித்திருந்தாள். வாரிசு வேலை அவளுக்கு வந்தது. தம்பி அருண்ராஜை அவள் படிக்கவைத்தது உண்மை. ஆனால் அதற்காக எதையும் துறக்கவில்லை. நல்ல சேலை கட்டினாள், ஸ்கூட்டர் வாங்கினாள், ஆய்வகத்துத் தோழிகளோடு வருஷா வருஷம் எங்காவது ஊர் சுற்றிவிட்டு வந்தாள். சிரித்தால் மூன்று வீடு தள்ளிக் கேட்கும்.

அவளுக்கு ஒரே ஒரு பைத்தியம் இருந்தது. கவிஞர் ஓடைவாணன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நகரிய நூலகத்தில்தான் அவருடைய தொகுப்பு கைக்குக் கிடைத்தது. வயல், ஏரிக்கரை, மரம், மழை என்று எழுதுகிறவர். இயற்கையைப் பற்றி எழுதுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்கள் ஒரு பூவைக் காட்டிவிட்டு, உடனே அதன் கழுத்தில் ஒரு தத்துவத்தைக் கட்டித் தொங்கவிடுவார்கள். ஓடைவாணன் அப்படிச் செய்யவில்லை. மழை விட்ட பிறகு ஒரு வீட்டு முருங்கையில் கிளை முறிந்து தொங்குவதை எழுதினால், கிளையைச் சொல்வார், முறிந்த கிளையிலும் பூ இருப்பதைச் சொல்வார், அடுப்புப் புகை கூரைமேல் எழுவதைச் சொல்வார். அத்தோடு நிறுத்திக்கொள்வார். வீட்டுக்குள் என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினால், அந்த வீட்டுக்குள் யாரோ ஒருத்தி அழுதுகொண்டே சமைப்பது கேட்கும். சொல்லாமல் விட்டதைக் கேட்கவைக்கும் அந்த வித்தைக்காகவே ஷிப்ட் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அவள் அவரைத் திரும்பத் திரும்பப் படித்தாள். நூலகப் புத்தகம் போதாமல் சொந்தமாக ஒரு பிரதி வாங்கினாள். அது கிழிந்ததும் இன்னொன்று வாங்கினாள்.

அவருடைய கவிதைகளில் கொக்குக் கவிதைதான் அவளுக்கு உயிர்.

*வெளிச்சம் சாய்ந்த வயலில்*
*ஒற்றைக் கொக்கு.*
*போனவை போயின,*
*வானத்தில் கோடிழுத்து.*
*இது*
*நீரில் தன் காலைப் பார்த்தபடி.*
*சேற்றுக்குள் என்ன நகர்ந்ததோ,*
*கழுத்தை ஒரு விரல்கடை வளைத்தது.*
*இருட்ட*
*இன்னும் நேரமிருக்கிறது.*

இருபத்தெட்டு வயதில் குள்ளஞ்சாவடியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் நல்லவன், அரசாங்க வேலை, அவர்களுக்கும் இவளைப் பிடித்துவிட்டது. அவர்கள் வீட்டு விசேஷம் ஒன்றுக்குப் போய்விட்டு அம்மாவும் அவளும் பஸ்ஸில் திரும்பி வரும்போது, நடவு முடிந்த வயலில் ஒரு கொக்கு நின்றது. அந்தக் கணத்தில்தான் அவள் முடிவெடுத்தாள் என்றெல்லாம் சொல்ல முடியாது. வேண்டாம் என்பது அவளுக்கு வெகுநாளாகவே தெரியும். அதை எந்த முகத்தோடு சொல்வது என்பதுதான் தெரியாமல் இருந்தது. அழுத முகத்தோடு சொன்னால்தான் ஊர் ஏற்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். கடைசி இரண்டு வரியும் ஜன்னலோரத்தில் அவள் வாய்க்குள் ஓடின. வீட்டுக்கு வந்து சிரித்த முகத்தோடு சொன்னாள்.

அம்மா செங்கமலம் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள். "இன்னாடி கொறை அந்தப் புள்ளைக்கு?"

"ஒரு கொறையும் இல்லம்மா."

"அப்புறம் இன்னாத்துக்கு வேணாங்கற?"

"எனக்கு இப்டியே நல்லாயிருக்கு."

அம்மா கொஞ்ச நாள் அழுதாள், கொஞ்ச நாள் பேசாமலிருந்தாள், பிறகு பேசினாள். கல்யாணப் பேச்சு அடிக்கடி எழுந்து, பிறகு எப்போதாவது எழுவது என்று ஆனது.

இதெல்லாம் பழைய கதை. இப்போது நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

நகரியத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஒரு வாசகர் வட்டம் கூடும். பூங்காவை ஒட்டிய சமுதாயக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காருவார்கள். அதை நடத்தியவர் ராஜாங்கம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளவயதில் வந்து இங்கேயே தங்கிவிட்டவர். நல்ல மனிதர். யாராவது ஒரு நல்ல வரியைப் படித்தால் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவார். திலகவதி அந்த வட்டத்தில் பல வருஷமாக இருந்தாள்.

ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றில் கொக்குக் கவிதையை எடுத்துக்கொண்டார்கள். ராஜாங்கம் எழுந்து நின்று விளக்கினார்.

"உள்ளுறைன்னா என்ன? சொல்ல வந்ததைச் சொல்லாம, பக்கத்துல இருக்கிற இன்னொண்ணைச் சொல்லுறது. நம்ம பழைய கவிஞர்கள் எல்லாரும் செஞ்சதுதான். இங்க பாருங்க, கூட்டம் பறந்து போயிட்டு. ஒண்ணு மட்டும் நிக்குது. வெளிச்சம் சாயுது. இது வெறும் வயல் இல்ல. ஒரு மனுஷனோட வாழ்க்கைச் சாயங்காலம். எல்லாரும் விட்டுட்டுப் போனவனோட தனிமை. இருட்ட இன்னும் நேரமிருக்குங்கிறாரு. எவ்வளவு பெரிய சோகம் பாருங்க! இந்தத் தனிமைய இன்னும் எவ்வளவு நேரம் தாங்கணும்?"

எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். கிரேன் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்ற தங்கராசு, நிஜமான பிரியத்தோடு சொன்னார். "நம்ம திலகவதி மேடத்துக்கு ரொம்பப் பொருந்துது சார்."

வட்டம் முழுக்க அவள் பக்கம் திரும்பியது. ஆஸ்பத்திரியில் கட்டிலோரம் நின்று பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

"எனக்கா? எப்டிங்க பொருந்துது?" என்றாள் திலகவதி.

தங்கராசு தடுமாறினார். "இல்லம்மா, ஒண்டியா... நான் தப்பா ஒண்ணும் சொல்லல."

"தப்பா சொல்லலைங்க. கவிதையத்தான் தப்பா படிச்சிட்டீங்க." அவள் ராஜாங்கத்தைப் பார்த்தாள். "சார், போனவை போயினன்னு ரெண்டே வரியில கணக்க முடிச்சிட்டாரு. அதுக்கப்புறம் கொக்கு எங்க பார்க்குது? வானத்தையா? தண்ணியில தன் காலைப் பார்த்துக்கினு நிக்குது. போன கூட்டத்த நெனச்சு ஏங்குற கொக்கா இருந்தா ஒரு தடவையாச்சும் தலையத் தூக்கியிருக்கணும் இல்ல?"

"தலை குனியுறதே துக்கத்தோட அடையாளம்தானே?"

"மீன் பிடிக்கிறவங்க எல்லாரும் தலை குனிஞ்சுதான் சார் நிப்பாங்க."

இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். திலகவதி சிரிக்கவில்லை. "கழுத்தை எதுக்கு வளைக்குது? சேத்துக்குள்ள ஏதோ நகர்ந்துச்சு. அது இரை. அந்தக் கொக்குக்குப் பசிக்குது சார். கூட்டம் போனதால இப்ப அந்த வயல் முழுசும் அதுக்குத்தான். இருட்ட இன்னும் நேரமிருக்குன்னா, இன்னும் எவ்ளோ நேரம் தாங்கணும்னு இல்ல. இன்னும் எவ்ளோ நேரம் கெடைக்குதுன்னு. உள்ளுறை இருக்குன்னுதான் நானும் சொல்றேன். நீங்க சொல்றது உள்ள இருக்கிறது இல்ல. ஒண்டியா ஒண்ணு நிக்கறதப் பாத்தாலே நாம எல்லாரும் தலைகாணிக்கு மாட்டற மாதிரி ஒரு உறைய மாட்டிவிடறோமே, அது."

ராஜாங்கத்தின் முகம் சிறுத்தது. ஆனாலும் அவர் கண்ணியமானவர். "சரிம்மா. அடுத்த மாசம் இலக்கிய விழாவுக்கு ஓடைவாணனே வர்றாரு. அவர்கிட்டயே கேட்டிருவோம். அவர் சொன்னா ஒத்துக்கிடுவீங்களா?"

"அவர் என்ன சொல்றாருன்னு கேக்கலாம் சார். கவிதை என்ன சொல்லுதுன்னு எனக்குத் தெரியும்."

"அதெப்படி? எழுதினவரவிட உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றுதான் சொல்ல வாயெடுத்தாள். கூட்டத்துக்காக அடக்கிக்கொண்டாள்.

அந்த மாதக் கடைசியில் தம்பி அருண்ராஜ் ஓசூரிலிருந்து காரில் வந்தான். அங்கே ஒரு கம்பெனியில் நல்ல வேலை. மனைவி வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மா வேண்டும். செங்கமலத்துக்கும் பேத்தியோடு இருக்க ஆசை. அதில் திலகவதிக்கு ஒரு வருத்தமும் இல்லை. அம்மாவின் சேலைகளை அவளே மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

"அக்கா, நீயும் விஆர்எஸ் குடுத்துட்டு வந்துடேன்" என்றான் அருண்ராஜ். "எங்க ஃபிளாட்ல ஒரு ரூம் காலியாத்தான் இருக்கு. தனியா எப்டி இருப்ப?"

"நிம்மதியா இருப்பேன்டா."

"வெளையாடாதக்கா. எல்லாரும் என்னைத்தான் கேக்கறாங்க. அக்காவத் தனியா வுட்டுட்டியான்னு."

"நீ என்னை எங்கடா வுட்ட? நான் என் குவார்ட்டர்ஸ்ல, என் வேலையில இருக்கேன். கேக்கறவங்கள என்கிட்ட அனுப்பு."

செங்கமலம் காரில் ஏறும்போது மகளின் கன்னத்தைத் தொட்டாள். "சாயந்தரமானா யாருகிட்டடி பேசிக்கினு இருப்ப? செவுத்தப் பாத்துக்கினு குந்திக்கினு இருக்காத. வூட்டுல வெளக்க ஏத்து."

"போம்மா, நீ மொதல்ல லிஃப்டுல ஏறக் கத்துக்க" என்று சிரித்து அனுப்பிவைத்தாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்து பூட்டைத் திறந்தபோது, இத்தனை வருஷத்தில் தன் வீட்டைத் தானே திறப்பது இதுதான் முதல் முறையோ என்று தோன்றியது. எப்போதும் உள்ளிருந்து அம்மா திறப்பாள். பழக்கதோஷத்தில் அரிசி அதிகமாகப் போட்டுவிட்டாள். மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றிவிட்டு ஓடைவாணனைக் கையில் எடுத்தாள். கொக்குக் கவிதை அன்றைக்கு வேறு மாதிரி இருந்தது. 'வெளிச்சம் சாய்ந்த' என்ற முதல் வரியிலேயே கண் நின்றுவிட்டது. ராஜாங்கம் சொன்னதுதான் சரியோ? தன் பிடிவாதத்துக்காகத்தான் கொக்குக்குப் பசியை ஏற்றிவைத்தாளோ? இத்தனை காலம் தனியாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டு அம்மாவோடு அல்லவா இருந்தாள்?

அந்தக் கேள்வி அவளைச் சுட்டது. தன்மேலேயே கோபம் வந்தது. வார விடுமுறை நாளில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு குறிஞ்சிப்பாடிச் சாலையில் போனாள். சுரங்கத்திலிருந்து இறைக்கும் தண்ணீர் வாய்க்காலில் ஓடி வயலுக்குப் பாயும் இடம் ஒன்று உண்டு. வண்டியைப் புளியமர நிழலில் நிறுத்திவிட்டு வரப்பில் உட்கார்ந்தாள். நான்கைந்து கொக்குகள் இருந்தன. ஒன்று ஒதுங்கி நின்றது. வெகுநேரம் எதுவுமே நடக்கவில்லை. கவிதையில் படிக்கும்போது அழகாக இருந்த நிற்றல், நேரில் பார்க்கக் கொட்டாவி வரவைத்தது. கால் மரத்துப்போனது. கடைசியில் அந்தக் கொக்கு சட்டென்று குத்தி எதையோ எடுத்தது. நத்தையாக இருக்கலாம். அண்ணாந்து விழுங்கிவிட்டு, அலகைத் தண்ணீரில் ஒருதரம் அலசிக்கொண்டு, பழையபடி நின்றது.

திலகவதிக்குச் சிரிப்பு வந்தது. துக்கத்தில் இருப்பவர்களும் சாப்பிடத்தான் செய்கிறார்கள், இதெல்லாம் ஒரு சாட்சி ஆகாது என்று அவளுக்கே தெரிந்தது. ஆனாலும் மனசு தெளிந்துவிட்டது. வீட்டில் ஆள் இல்லாத வெறுமை சில சாயங்காலங்களில் வரும். வந்தால் வரட்டும். கல்யாணம் செய்துகொண்டவர்களுக்கு வராத வெறுமையா? அதைக் காட்டி அவள் வாழ்க்கை முழுவதற்கும் 'பாவம்' என்று பெயர் வைக்க யாரையும் விடப்போவதில்லை. அதிலும் கொக்கைக் காட்டிப் பெயர் வைக்க விடவே போவதில்லை.

விழா நாளில் கூடம் நிறைந்திருந்தது. ஓடைவாணனுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மெலிந்த உடம்பு, வெள்ளைச் சட்டை, மைக்குக்கு வெகு அருகில் வாயை வைத்துப் பேசும் வழக்கம். முருங்கைக் கவிதையைப் படித்தார், இன்னும் சிலவற்றைப் படித்தார். அந்தக் குரலில் அந்த வரிகளைக் கேட்டபோது திலகவதிக்கு உடம்பு சிலிர்த்தது. எந்தச் சண்டையும் போட வேண்டாம், இப்படியே கேட்டுவிட்டுப் போய்விடலாம் என்றிருந்தது.

பிறகு கொக்குக் கவிதையை எடுத்தார். படிக்கும் முன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதை என் மனைவி இறந்த வருஷம் எழுதினேன். அவளை எரிச்சிட்டு ஊருக்குப் போயிருந்தேன். சாயங்காலம் வயல்ல ஒரு கொக்கு. அது கொக்கு இல்லைங்க. நான்தான். கூட்டம் போயிடுச்சு, நான் நிக்கறேன். இந்தக் கவிதைக்கு நான் மனசுல வெச்ச பேரே தனிமை. இன்னைக்கும் என்னால அழாம இதைப் படிக்க முடியறதில்ல."

படித்தார். குரல் உடைந்தது. கூடத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. தங்கராசு வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேடையோரம் நின்ற ராஜாங்கம் திலகவதியைத் தேடிப் பார்த்தார். அவர் முகத்தில் ஜெயித்த களிப்பு இல்லை. விட்டுவிடும்மா என்ற கெஞ்சல்தான் இருந்தது.

விட்டுவிடத்தான் வேண்டும். மனைவியை இழந்த வயசான மனிதர், ஊருக்கு வந்த விருந்தாளி, அவளுக்குப் பிடித்த கவிஞர். திலகவதி இதையெல்லாம் நினைத்தாள். ஆனால் தன்னைச் சுற்றி இருந்த முகங்களையும் பார்த்தாள். இன்றைக்கு அவள் சும்மா இருந்தால் இனி எப்போதும் அந்தக் கொக்கு ஒரு பாவப்பட்ட கொக்கு. கேள்வி கேட்கலாம் என்று சொன்னதும் அவள் கை உயர்ந்துவிட்டது. மைக் வந்தது.

"வணக்கம் ஐயா. என் பேரு திலகவதி. உங்க கவிதையத்தான் இருபது வருஷத்துக்கு மேல படிச்சுக்கினு இருக்கேன். நீங்க சொன்ன துக்கம் உண்மை. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா அது இந்தக் கவிதைக்குள்ள வரலைங்க. வாசல்லயே நின்னுடுச்சு."

கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

"என்னம்மா சொல்றீங்க?" என்றார் ஓடைவாணன். "நான் அழுதுகிட்டே எழுதினதும்மா இது."

"நீங்க அழுதீங்க ஐயா. கொக்கு அழலை."

"உக்காருங்கம்மா!" என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. "பெரியவர்கிட்ட இப்டியா பேசறது?" என்றது இன்னொன்று. ராஜாங்கம் மேடையிலிருந்து கையைக் காட்டி உட்காரச் சொன்னார். திலகவதி நின்றாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"முடிச்சிட்டு உக்கார்றேங்க. போனவங்களுக்கு நீங்க குடுத்தது ரெண்டு வரி. நிக்கற கொக்குக்கு மிச்சம் அத்தனையும். அது மேல ஏறெடுத்துப் பாக்குதா? இல்ல. காலைப் பாக்குது, சேத்தைப் பாக்குது, ஏதோ அசைஞ்சதும் கழுத்தை வளைக்குது. விரல்கடைன்னு அளவு சொல்லியிருக்கீங்க. எவ்ளோ கவனமா இருந்தா அவ்ளோ சின்ன அசைவு வரும்? அந்தக் கொக்கு இருக்கிற எடத்துல முழுசா இருக்கு ஐயா. நான் அதை அப்டித்தான் படிச்சேன். அப்டிப் படிச்சுத்தான் வாழ்ந்துக்கினும் இருக்கேன்."

ஓடைவாணன் அவளைக் கூர்ந்து பார்த்தார். பிறகு மெதுவாக, பரிவோடு கேட்டார். "நீங்க தனியா இருக்கீங்களாம்மா?"

அந்தப் பரிவுக்குள் இருந்தது அவளுக்குப் புரிந்தது. பாவம், தன் தனிமையை ஒத்துக்கொள்ள மாட்டாமல் இவள் கவிதையோடு மல்லுக்கட்டுகிறாள் என்று அவர் நினைக்கிறார். இவரும் மாட்டிவிட்டார், தலையணை உறையை.

"ஆமாங்க. தனியாத்தான் இருக்கேன். கல்யாணம் பண்ணிக்கலை. யாரும் வுட்டுட்டுப் போகலை, யாருக்காகவும் தியாகம் பண்ணலை. பிடிக்கலை, அதனால பண்ணிக்கலை. அதுக்கும் கொக்குக்கும் சம்பந்தம் இருக்கு. ஆனா நீங்க நெனைக்கிற சம்பந்தம் இல்ல."

"கவிதை என்னோடதும்மா" என்றார் அவர். குரலில் இப்போது சூடு ஏறியிருந்தது. "எழுதினவன் நான்."

"எழுதினது நீங்கதான் ஐயா. அதுல இத்தனை வருஷமா குடியிருக்கறது நான்."

மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். யாரும் கைதட்டவில்லை. ராஜாங்கம் அவசரமாக நன்றியுரைக்குப் போனார்.

வெளியே மேஜை போட்டு டீயும் பிஸ்கட்டும் வைத்திருந்தார்கள். திலகவதியைச் சுற்றி ஓர் இடைவெளி விழுந்திருந்தது. அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றாள். வீட்டுக்குப் போய்விடலாம்தான். ஆனால் இப்போது போனால் ஓடிப்போனதாக ஆகும். டீ சூடாக இருந்தது. நிதானமாகக் குடித்தாள்.

ஓடைவாணன் தானாகவே அவளிடம் நடந்து வந்தார். ராஜாங்கம் பதறிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

"ஏம்மா, உண்மையைச் சொல்லுங்க. நான் சொன்னது பொய்ன்னா நெனைக்கிறீங்க?"

"இல்லைங்க ஐயா. உங்களுக்கு நடந்ததச் சொன்னீங்க. கவிதையில நடந்ததச் சொல்லலை."

அவர் டீயில் பிஸ்கட்டை நனைத்தார். அது ஒடிந்து உள்ளே விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரு வரி இருந்துச்சு. 'போனவை போயின'க்கு அடுத்து. 'திரும்பாது எனத் தெரிந்தும்'னு. அடிச்சுட்டேன்."

"ஏன் ஐயா அடிச்சீங்க?"

"ஒட்டல. படிச்சுப் பார்த்தா பொய் மாதிரி கேட்டுது." சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டதுபோல் நிமிர்ந்தார். எங்கேயோ பார்த்துக்கொண்டு தொடர்ந்தார். "அவ செத்து அத்தனை நாளும் நான் எதையும் பார்க்கலம்மா. அன்னைக்கு அந்தக் கொக்கைப் பார்த்தேன். பார்த்துகிட்டே இருந்தேன். எவ்வளவு நேரம்னு தெரியாது."

"அழுதீங்களா, அப்ப?"

அவர் யோசித்தார். "வீட்டுக்கு வந்துதான்" என்றார்.

பிறகு தலையை உலுக்கிக்கொண்டு, டம்ளரை மேஜையில் வைத்தார். "அதெல்லாம் இருக்கட்டும். அது துக்கக் கவிதைதாம்மா. நான் மாத்திச் சொல்லப் போறதில்ல."

"நானும் மாத்திப் படிக்கப் போறதில்லைங்க ஐயா."

அவர் முகத்தில் சிரிப்பு வரப்பார்த்து நின்றுவிட்டது. ராஜாங்கம் காரைக் காட்டி அழைக்க, ஏறிப் போய்விட்டார். அவள் பையில் புத்தகம் இருந்தது. கையெழுத்து வாங்கத் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு வட்டத்துக்குப் போகும் முன்பே ராஜாங்கம் போன் செய்தார். பெரியவர் மனசு புண்பட்டிருக்கும், வட்டத்தின் சார்பில் ஒரு வருத்தம் தெரிவித்துக் கடிதம் போடலாம், நீங்களும் கையெழுத்துப் போடுங்கள் என்றார்.

"எதுக்கு சார் வருத்தம்? அவர் கவிதைய நல்லா படிச்சதுக்கா?"

"நாகரிகம்னு ஒண்ணு இருக்குல்லம்மா?"

"நான் அவரை ஒரு வார்த்தை மரியாதைக் கொறைவா பேசல. பேசியிருந்தா சொல்லுங்க, மொத ஆளா மன்னிப்புக் கேக்கறேன்."

ராஜாங்கம் யோசித்துப் பார்த்தார். அவர் நேர்மையானவர், அப்படி ஒரு வார்த்தை அவருக்கு அகப்படவில்லை. கடிதப் பேச்சு அத்தோடு போயிற்று. ஆனால் குரலில் கசப்பு இருந்தது.

ஓசூரிலிருந்து தம்பியும் பேசினான். விழாவில் யாரோ எடுத்த வீடியோ அவன் வரைக்கும் போயிருந்தது. "எல்லார் முன்னாடியும் கல்யாணம் பிடிக்கலன்னு மைக்ல சொல்லுவியாக்கா? மானம் போவுது."

"யாரு மானம்டா? நான் சொன்னது என் விஷயம். இனிமே யாராச்சும் உன்னைக் கேட்டா அந்த வீடியோவ அனுப்பிடு. உனக்கும் வேலை மிச்சம்."

பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. போனைப் பிடுங்கிக்கொண்டாள். "ஏண்டி, சேலை நல்லாயிருந்துச்சு. எப்ப எடுத்த? இந்தக் கலர்ல எனக்கும் ஒண்ணு எடு" என்றாள். மற்றதைப் பற்றிச் செங்கமலம் ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கவில்லை.

ஞாயிறு மாலை திலகவதி வழக்கமான நேரத்துக்குக் கூடத்துக்குப் போனாள். வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தாள். சிலர் பேசாமல் தலையை மட்டும் அசைத்தார்கள். தங்கராசு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நான் அன்னைக்கு அப்படிச் சொன்னது மனசுல வெச்சுக்காதீங்கம்மா" என்றார். "எனக்கு இன்னும் அந்தக் கொக்கப் பாத்தா பாவமாத்தான் தோணுது."

"தோணட்டுங்க. ஆனா என்னப் பாத்து தோண வேணாம்" என்றாள். அவர் சிரித்துவிட்டார்.

அன்றைக்குப் புதிதாக ஒருத்தி வந்திருந்தாள். சத்யப்பிரியா என்று பெயர், கான்ட்ராக்டில் வேலை பார்க்கும் பெண். வீடியோ பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னாள். தனக்குக் கொக்கில் சோகமும் தெரியவில்லை, பசியும் தெரியவில்லை, பயம்தான் தெரிகிறது என்றாள். சேற்றுக்குள் நகர்ந்தது பாம்பாக ஏன் இருக்கக் கூடாது? திலகவதி ஒரு கணம் அசந்துபோனாள். அவளுக்கு அது பிடிக்கவே இல்லை. ஆனாலும் புத்தகத்தில் அந்த வரியை மறுபடி பார்த்தாள். "யோசிக்கறேன்" என்றாள் வேண்டாவெறுப்பாக.

ராஜாங்கம் தொண்டையைச் செருமினார். ஓடைவாணனின் தொகுப்பில் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அது வறண்ட ஏரியைப் பற்றிய கவிதை. வேண்டுமென்றே திலகவதியைப் பார்க்காமல் தொடங்கினார்.

"இந்தக் கவிதையில ஓடைவாணன் என்ன சொல்ல வர்றாருன்னா..."

"அவர் சொல்ல வந்தது இருக்கட்டும் சார்" என்றாள் திலகவதி, நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு. "சொல்லியிருக்கறதப் பாப்போம். மொத வரியப் படிங்க."

ராஜாங்கம் அவளை முறைத்தார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முதல் வரியைப் படித்தார்.